பிண்ணாக்கு மூட்டையில் வரும் நான்கு சரக்கு



நம் சங்க உறுப்பினர்களில் பலர் மளிகையோடு சேர்த்துத் தீவனமும் விற்கிறோம். கடையின் முன்பக்கம் அரிசியும் பருப்பும் இருக்கும். பின்பக்கம் கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு மூட்டைகள் இருக்கும். முன்பக்கச் சரக்கைப் பற்றி நாம் நன்கு அறிவோம். எந்த ஊர் துவரை வேகும், எந்தப் புளி கறுக்கும் என்று கையில் எடுத்ததும் சொல்லிவிடுவோம். பின்பக்கச் சரக்கைப் பற்றி அந்த அளவுக்கு நாம் படித்ததில்லை. "எண்ணெய் எடுத்த சக்கைதானே" என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

அடையாறு, ஊரூர் ஒல்காட் குப்பம், பெசன்ட் நகர், திருவான்மியூர் வட்டாரத்தில் மாடு வைத்திருப்போர் முன்போல் அதிகம் இல்லை. ஆயினும் பால் கறந்து வீடுகளுக்கு ஊற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள். குப்பத்தில் ஆடும் கோழியும் வளர்ப்போர் உண்டு. இவர்களோடு இப்போது மாடித் தோட்டம் போடுகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வேப்பம் பிண்ணாக்கும் ஆமணக்குப் பிண்ணாக்கும் கிலோ கணக்கில் கேட்கிறார்கள். ஒரே கடையில், ஒரே தராசில், மாட்டுக்கு ஒன்றும் மண்ணுக்கு ஒன்றும் நிறுத்துக் கொடுக்கிறோம். ஆகவே மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் கடமையாகிறது.

சுருக்கமாகச் சொன்னால், நாம் விலை கொடுப்பது இரண்டு சரக்குக்கு; மூட்டையில் வருவது நான்கு.

1. முதல் இரண்டு சரக்கு: புரதமும் எண்ணெயும்

பிண்ணாக்கின் விலையை நிர்ணயிப்பது புரதம். கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை புரதம் உண்டு. எள்ளுப் பிண்ணாக்கில் 35 முதல் 40 வரை. தேங்காய்ப் பிண்ணாக்கில் ஏறக்குறைய 20. அரிசித் தவிட்டில் 12 முதல் 14 வரை. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுத்தபின் சேலம் பக்கத்து ஆலைகளில் மிஞ்சும் திப்பியில் மாவுச்சத்தும் நாரும் உண்டு. புரதம் மிகக் குறைவு. திப்பியை விலை மலிவு என்று பிண்ணாக்குக்குப் பதிலாகக் கொடுத்தால் வயிறு நிறையும், பால் குறையும்.

புரதத்திலும் ரகம் உண்டு. கடலைப் பிண்ணாக்கில் அளவு அதிகம் என்றாலும் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு சத்துக்கள் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு. ஆகவே ஒன்றை மட்டும் போடாமல் இரண்டையும் கலந்து வைப்பது, குறிப்பாகக் கோழிக்கு, கணக்குப்படியும் சரியானது.

எண்ணெயைப் பொறுத்தவரை பிண்ணாக்கு எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்பதே முக்கியம். மரச்செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் அதிகம் தங்கும். எக்ஸ்பெல்லர் பிண்ணாக்கில் 6 முதல் 8 பங்கு வரை இருக்கும். சால்வென்ட் ஆலையிலிருந்து வருவதில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். எண்ணெய் உள்ள பிண்ணாக்கு மாட்டுக்குத் தெம்பு தரும். ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் நீக்கியது அதிக நாள் தாங்கும். அதில் கிலோவுக்குப் புரதமும் கூடுதல்.

2. மூன்றாவது சரக்கு: செடி தனக்காகச் செய்துகொண்டது

எந்தச் செடியும் தன் விதையை மாடு தின்பதற்காகக் காய்ப்பதில்லை. பூச்சி, பறவை, விலங்கு ஆகியவற்றிடமிருந்து விதையைக் காக்கச் சில பொருள்களை அது சேர்த்து வைக்கிறது. அந்தப் பொருள்கள் அளவாலும் ஆளாலும் மருந்தாகவோ நஞ்சாகவோ மாறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எள்: இதில் செசமின், செசமோலின் என்ற பொருள்கள் உள்ளன. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட அதிக நாள் கெடாமல் இருப்பதற்கு இவையே முக்கியக் காரணம். இது நல்ல குணம்.

அரிசித் தவிடு: இதிலுள்ள ஒரைசனால் என்ற பொருளைச் சொல்லித்தான் தவிட்டு எண்ணெய் விற்பனையாகிறது. அதே தவிட்டில் லைபேஸ் என்ற நொதியும் உண்டு. நெல்லை அரைத்தவுடன் அது எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நெல்லை அவிக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுவதால்தான் புழுங்கல் தவிடு தாங்குகிறது, பச்சரிசித் தவிடு சில நாட்களில் காறுகிறது. பச்சரிசித் தவிடு வாங்கினால் வாரத்துக்குள் விற்கும் அளவே வாங்க வேண்டும்.

பருத்திக்கொட்டை: இதில் காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள் உள்ளது. நன்கு வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை இதைப் பெருமளவு கட்டிப்போட்டுவிடும். ஆகவே கறவை மாட்டுக்கு அளவோடு தரலாம். இளங்கன்றுக்கு அந்த இரைப்பை இன்னும் வேலை செய்யாது, கன்றுக்கு ஆகாது. கோழிக்கும் ஆகாது, முட்டையின் மஞ்சள்கரு பச்சை நிறமடித்துவிடும். 1970களில் சீனாவில் இந்தக் காசிபாலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள் என்றால் அதன் வீரியத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். மதுரையில் பருத்திப்பாலைக் கொதிக்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கத்தை இங்கே நினைவுகூரலாம். சூடு காசிபாலைப் புரதத்தோடு பிணைத்து அதன் வேகத்தைக் குறைக்கிறது.

மரவள்ளி: இதன் இலையிலும் தோலிலும் லினமரின் என்ற பொருள் உண்டு. இலை கசங்கியதும் அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. மரவள்ளித் தோட்டத்தில் மேய்ந்த ஆடு வீழ்வது இதனால்தான். நறுக்கி நன்கு வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெருமளவு போய்விடும்.

இலுப்பை: இதன் பிண்ணாக்கில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உள்ளது. அது மீனுக்கு நஞ்சு. மீன் பண்ணைக்காரர்கள் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்ல இதைப் போடுகிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நம் பகுதிக் கடைக்காரர்கள் இந்தச் சாக்கைக் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடக்கூடாது.

வேம்பு: கசப்பும் அசாடிராக்டின் என்ற பூச்சிவிரட்டும் பொருளும் உள்ளதால் இது மண்ணுக்கு உகந்தது, மாடு வாய் வைக்காது.

ஆமணக்கு: இதுதான் எல்லாவற்றிலும் கடுமையானது. ஆமணக்கின் ரிசின் என்ற நஞ்சு எண்ணெயில் கரைவதில்லை. முழுவதும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். விளக்கெண்ணெயை மருந்தாகக் குடிக்கிறோம், அதன் பிண்ணாக்கோ நாயையும் ஆட்டையும் கொல்லும். தொட்டி மண்ணில் போட்ட ஆமணக்குப் பிண்ணாக்கை வீட்டு நாய் தோண்டித் தின்பது பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் விபத்து. மாடித் தோட்டத்துக்கு வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் விற்கக்கூடாது.

3. நான்காவது சரக்கு: யாரும் கொள்முதல் செய்யாதது

மேலே சொன்னவை செடியின் சொந்தச் சரக்கு. எந்தப் பிண்ணாக்கு என்று தெரிந்தால் போதும், எச்சரிக்கையாக இருக்கலாம். நான்காவது வகை வெளியிலிருந்து வந்து சேருவது. நம் தொழிலுக்கு அதுவே பெரிய சோதனை.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மாண்டன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி, அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். அதன் பிறகுதான் கடலைப் பிண்ணாக்குக்கு ஐரோப்பிய நாடுகள் நச்சு வரம்பு விதித்தன.

இது அயல்நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். காரணம் அதே நஞ்சு. நீண்ட காலம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்து, முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. தண்ணீர், யூரியா கலப்படம் பற்றித்தான் எல்லோரும் பயந்திருந்தார்கள். ஆனால் ஆணையம் அதிகம் கவலைப்பட்டது அஃப்ளாடாக்சின் எம்1 பற்றியே. நாட்டில் நூற்றுக்கு 5.7 மாதிரிகளில் அது வரம்பை மீறியிருந்தது. மாநிலங்களில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. தீவனத்தின் வழியாகத்தான் வருகிறது. அந்தத் தீவனத்தில் ஒரு பகுதி நம் போன்ற கடைகளின் வழியாகப் போகிறது.

4. ஒரு சிறு கணக்கு

கணக்காகப் பார்த்தால்தான் வியாபாரிக்கு மனத்தில் பதியும். மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். அதாவது நூறு கோடியில் 20 பங்கு. ஒரு டன் தீவனத்தில் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு! பாலில் வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்.

ஒரு மாடு தினம் 2 கிலோ கடலைப் பிண்ணாக்கு தின்கிறது. 8 லிட்டர் பால் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிண்ணாக்கில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால், மாட்டின் வயிற்றுக்குப் போவது 200 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை பாலில் இறங்கும். நன்றாகக் கறக்கும் மாட்டில் இன்னும் கூடுதலாகவும் இறங்கும். இரண்டு பங்கு என்று கொண்டால் 4 மைக்ரோகிராம். அதை 8 லிட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 0.5. வரம்பின் விளிம்புக்கு வந்தாயிற்று. பூஞ்சணம் பிடித்த ஒரு மூட்டையில் கிலோவுக்கு 100 என்ன, அதற்குப் பல மடங்கும் இருக்கக்கூடும்.

பாலைக் காய்ச்சினால் இது அழியாது. தயிராக்கினாலும் போகாது. அதிகமாகப் பால் குடிப்பது குழந்தைகள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் பாலிலிருந்து நஞ்சு மறைந்துவிடும்.

எண்ணெய் விற்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நஞ்சுள்ள கடலையை ஆட்டினால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். சுத்திகரித்த எண்ணெயில் ஏறக்குறைய இராது. வடிகட்டாத கலங்கலான எண்ணெயில் கொஞ்சம் வரும். ஆகவே செக்கு எண்ணெய் ஆட்டுவோர் சொத்தைக் கடலையைப் பொறுக்கி நீக்குவதும், எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டுவதும் அவசியம்.

5. கடலோரக் கடைக்குத் தனிக் கவனம்

பூஞ்சணம் நிலத்திலேயே தொடங்கிவிடலாம். காய் முற்றும் நேரத்தில் வறட்சி, பறிக்கும் நேரத்தில் மழை, பூச்சி துளைத்த காய் எல்லாம் அதற்கு வாசல். அந்தப் பழி நம்முடையதன்று. ஆனால் நல்ல சரக்கைக் கிடங்கில் கெடுப்பது நம் கையில் இருக்கிறது. 25 முதல் 35 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 80க்கு மேல் காற்றின் ஈரமும் இந்தப் பூஞ்சணத்துக்கு உகந்தவை. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே அவை.

ஊரூர் ஒல்காட் குப்பம் அடையாற்று முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடுவில் உள்ளது. இந்தப் பக்கத்துச் சுவர்களில் உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தச் சுவரில் சாய்த்த மூட்டை சுவரிடமிருந்து ஈரத்தை வாங்கும். பிண்ணாக்கில் ஈரம் நூற்றுக்கு 10க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவாடு அரைகுறையாகக் காய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் குப்பத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிண்ணாக்குக்கும் அதே நியாயம்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை:

அ) மூட்டையைத் தரையில் அடுக்காதீர்கள். அரை அடி உயர மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

ஆ) மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். விலை ஏறும் என்று ஐப்பசியில் பிண்ணாக்கைக் கட்டிவைப்பது லாபமல்ல.

இ) முதலில் வந்தது முதலில் போகட்டும். மூட்டையின் மேல் வந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள்.

ஈ) சூடான பிண்ணாக்கை ஆலையிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வாங்காதீர்கள். உள்ளே வியர்த்து, நடுவில் பூக்கும்.

உ) கருவாடு, உப்பு, வெல்லம் ஆகியவற்றோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். முன்னவை இரண்டும் ஈரம் இழுக்கும். கடைசியது பூச்சியை அழைக்கும்.

ஊ) உரப் பிண்ணாக்குக்குத் தனி மூலை, தனி முறம், முடிந்தால் தனித் தராசுத் தட்டு. ஆமணக்கு மூட்டையின் சாக்கைத் திருப்பித் தீவனத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

6. நனைந்த மூட்டை

இனி மனச்சாட்சிக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையோரம் தண்ணீர் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நகரை மூழ்கடித்ததையும் நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பின் ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி எழும்: நனைந்த சரக்கை என்ன செய்வது?

வெயிலில் பரப்பி, மேலே படிந்த பச்சையைத் துடைத்து, உடைத்து, நல்ல மூட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விற்கலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் வெயில் பூஞ்சணத்தை உலர்த்துமே தவிர, அது ஏற்கெனவே சுரந்த நஞ்சைச் சக்கைக்குள்ளிருந்து எடுத்துவிடாது. ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. கலந்து விற்பதால் நஞ்சு குறைவதில்லை. ஒரு மாட்டுக்குப் போவதைப் பத்து மாடுகளுக்குப் பங்கு வைக்கிறோம், அவ்வளவே. பெரிய தீவன ஆலைகளில் நஞ்சைப் பிணைக்கும் களிமண் வகைகளை அளந்து சேர்ப்பார்கள். அது நம் கடையில் செய்யும் வேலையல்ல.

ஆகவே என் யோசனை இது. மழைத்தண்ணீரில் நனைந்து அன்றே கண்டுபிடிக்கப்பட்ட மூட்டையை அன்றே பிரித்து, மெல்லியதாகப் பரப்பி, முழுவதும் உலர்த்திவிட்டால் காப்பாற்றலாம். ஒரு நாளுக்கு மேல் ஈரத்தில் கிடந்ததையும், மக்கிய வாடை அடிப்பதையும், உடைத்தால் உள்ளே பச்சை அல்லது மஞ்சள் தூள் பறப்பதையும் தீவனமாக விற்கக்கூடாது. குப்பை எருவோடு மக்கவைக்கக் கொடுத்துவிடலாம். கையாள்பவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளட்டும். ஒரு மூட்டை நட்டம் ஒரு நாளைய வருமானம். மாட்டுக்கார அம்மாவின் நம்பிக்கை பல வருட வருமானம். "அண்ணாச்சி, கறவை மாட்டுக்கு, பார்த்துக் குடுங்க" என்று அவர் சொல்லும்போது, தம்மால் பார்க்க முடியாததைத்தான் நம்மிடம் பார்க்கச் சொல்கிறார்.

7. சோதனை

கண்ணும் மூக்கும் பாதி வேலை செய்யும். பிண்ணாக்கை உடைத்தால் சுத்தமாக முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். மூட்டையின் நடுவில் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. தவிட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் உமித்தூள் மிதக்கும். மணல் அடியில் தங்கும்.

ஆனால் அஃப்ளாடாக்சினுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பூஞ்சணம் தெரியாத சரக்கிலும் அது இருக்கலாம். ஆய்வகம் மட்டுமே சொல்ல முடியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர்கள் மாதிரி அனுப்பிப் பார்த்துத்தான் கொள்முதல் செய்கிறார்கள். அது 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது; அதன் தலைமையகம் நம் மாதவரத்தில்தான்.

மாதிரி எடுப்பதில்தான் தவறு நேரும். நஞ்சு மூட்டை முழுவதும் பரவியிராது. அங்கங்கே திட்டாக இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பினால் தப்பான நிம்மதியே கிடைக்கும். குறைந்தது பத்து மூட்டைகளில், மேலும் நடுவும் அடியுமாக எடுத்து, பொடித்து, ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் சேர்த்து, மீண்டும் அப்படியே குறைத்துக் கடைசியில் அரைக் கிலோ அனுப்ப வேண்டும்.

தனித்தனியே ஒவ்வொரு சிறு கடைக்காரரும் இதைச் செய்வது இயலாது. ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குகிற பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடுக்கு ஒரு மாதிரி என்று பகிர்ந்துகொண்டால் செலவு தெரியாது. மொத்த வியாபாரிகளாகிய எங்களிடமும் நீங்கள் கேட்க வேண்டும்: எந்த ஆலை, எந்த மாதம் ஆட்டியது, சோதனைச் சீட்டு உண்டா? நீங்கள் கேட்டால்தான் நாங்கள் ஆலைக்காரரைக் கேட்போம். கேட்பவர் இல்லாத சரக்குக்குத் தரம் பார்ப்பவரும் இல்லை.

முடிவாக, விற்கும்போது வாங்குபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்கு?" கறவை மாட்டுக்கா, கன்றுக்கா, கோழிக்கா, ஆட்டுக்கா, தொட்டிச் செடிக்கா? வீட்டில் நாய் உண்டா? அந்த ஒரு கேள்வியில் மேலே சொன்ன பாதி ஆபத்துகள் விலகிவிடும். மீதிப் பாதியை மரச்சட்டமும், சுண்ணக்கட்டியும், நனைந்த மூட்டையைத் தள்ளிவைக்கும் மனமும் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்குமுன் சங்கக் கூட்டத்தில் கூட்டு மாதிரிச் சோதனை பற்றி ஒரு முடிவுக்கு வருவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.